மொட்டை மாடியில் சோலார்: பில்லைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க

"இனி கரண்ட் பில் ஜீரோ சார்" என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர் உங்க வீட்டுக்கும் வந்திருப்பார். வரலைன்னா அப்பாவோட வாட்ஸ்அப்புக்காவது வந்திருப்பார். லோன் பேப்பரில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அப்பா நம்மகிட்டதான் கேட்பார்: "இன்ஜினியரிங் படிக்கிறியே, இதைப் போடலாமா வேணாமா?" அப்போ முழிக்காம பதில் சொல்லத்தான் இந்தக் கணக்கு.

மத்த மாநிலத்துக்காரங்க யூடியூப்ல போடுற கணக்கு நமக்கு உதவாது. தமிழ்நாட்டில் இரண்டு மாசத்துக்கு ஒரு பில், அதில் முதல் 100 யூனிட் இலவசம் (2016-லிருந்து). அதுக்கு மேல படிப்படியா ரேட் ஏறும். 2024 ஜூலைக்குப் பிறகு வந்த அட்டவணைப்படி 101-லிருந்து 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. அங்கேதான் ஒரு பள்ளம் இருக்கு. 500-ஐத் தாண்டிட்டா அந்த 2.35 சலுகை போயிடும், 101-லிருந்தே 4.70 போடுவாங்க. 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501-க்கு 2,048. அந்த ஒரே ஒரு யூனிட்டோட விலை 243 ரூபாய்! அதுக்கப்புறம் 8.40, 9.45, 10.50 என்று ஏறிக்கிட்டே போகும்.

ஆக, சோலார் எத்தனை யூனிட் தயாரிக்குது என்பதைவிட, பில்லோட எந்தப் படியிலிருந்து யூனிட்டைக் குறைக்குது என்பதுதான் முக்கியம். வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டரிங் இருப்பதால், நாம கிரிட்டுக்குக் கொடுத்ததை எடுத்ததிலிருந்து கழிச்சிடுவாங்க. கழியுறது மேல் படியிலிருந்து.

சென்னை வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் கொடுக்கும். இரண்டு மாசத்துக்கு 240. மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் (2024 பிப்ரவரி) முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், மூணாவதுக்கு 18,000. அதிகபட்சம் 78,000, அதோட சரி. கணக்குக்காக 1 கிலோவாட் 70,000, 2 கிலோவாட் 1,30,000, 3 கிலோவாட் 1,80,000 என்று வச்சுக்குவோம். உங்களுக்கு வர்ற கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டுப் பாருங்க.

பூந்தமல்லியில் ஏசி இல்லாத ஒரு வீடு, பில்லுக்கு 300 யூனிட். கட்டுறது 705 ரூபாய். 1 கிலோவாட் போட்டா மீதி 60 யூனிட், பில் நிஜமாவே ஜீரோ. ஆனா மிச்சம் வருஷத்துக்கு 4,230 ரூபாய்தான். மானியம் போக 40,000 போட்டிருக்கோம்; திரும்பி வர ஒன்பதரை வருஷம் ஆகும். அதுக்குள்ள இன்வெர்ட்டர் மக்கர் பண்ணினா அது தனிச் செலவு. இந்த வீட்டுக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன்.

ஆவடியில் இரண்டு ஏசி ஓடுற வீடு, 900 யூனிட், பில் 5,820. 2 கிலோவாட் போட்டா மீதி 420 யூனிட், பில் சுமார் 1,300. ஒரு பில்லுக்கே 4,500 ரூபாய் மிச்சம். 70,000 முதலீடு மூணு வருஷத்துக்குள்ள வந்திடும். ஆனா வருஷம் முழுக்க யாரும் 900 ஓட்டுறதில்லை. கோடையில் இரண்டு பில் 900, மத்த நாலும் 450 என்று போட்டா மிச்சம் 15,000-க்குப் பக்கம் வருது, முதல் திரும்ப ஐந்து வருஷம். அதுவும் நல்ல கணக்குதான். பேனலுக்கு 25 வருஷ வாரண்டி கொடுக்கிறாங்களே.

இதே வீட்டுக்கு "3 கிலோவாட்டாவே போட்டுடுங்க சார்" என்பாங்க. மூணாவது கிலோவாட்டுக்குக் கையிலிருந்து 32,000 கூடுதல். அது கழிக்கிறதெல்லாம் கீழ்ப்படி யூனிட். 900 வந்த மாசத்திலேயே அதனால கிடைக்கிறது 1,100 ரூபாய்தான்; 450 வர்ற மாசத்தில் ஒண்ணும் கிடையாது, பில்லை ஏற்கனவே 2 கிலோவாட்டே முடிச்சிடுச்சு.

நம்ம ஏரியாவுக்குன்னே சில விஷயம் இருக்கு. அம்பத்தூர் பக்கம் கீழ ஓனர், மேல வாடகைக்குன்னு தனித்தனி மீட்டர் உள்ள வீடுகள் நிறைய. சோலார் ஒரு இணைப்போடதான் சேரும். மாடியில குடியிருக்கிறவர் ஏசியோட பில்லை அது குறைக்காது. பக்கத்து மனையில் மூணு மாடி எழும்பினா நிழல் விழும். ஒரு சரத்தில் தொடரா இணைச்ச பேனலில் ஒண்ணு மேல தண்ணித் தொட்டி நிழல் விழுந்தாலும் மொத்த சரத்தின் உற்பத்தியும் அடிபடும் என்பது நமக்குத் தெரிஞ்சதுதான். பூந்தமல்லி ரோடு தூசியைத் துடைக்க ஆள் வேணும். உப்புத் தண்ணி போர்ல கழுவினா வெள்ளைத் திட்டு படியும்.

இன்னொண்ணு, விற்கிறவங்க பலர் சொல்லாம விடுறது: கரண்ட் போனா சோலாரும் நிக்கும். லைன்ல வேலை செய்யுற மின்வாரிய ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு, கிரிட் போன உடனே ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானா அணைஞ்சிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி நாளில், பேட்டரி இல்லாத சோலார் வீடும் இருட்டில்தான். பேட்டரி சேர்த்தா மேல போட்ட கணக்கெல்லாம் மாறிடும்.

வீட்டில் கடைசி ஆறு பில்லை எடுத்து வைங்க. அதில் எத்தனை 500-ஐத் தாண்டியிருக்குன்னு எண்ணுங்க. ஒண்ணுகூட இல்லைன்னா அப்பாகிட்ட அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க. மூணு, நாலு இருந்தா கொட்டேஷன் வாங்குங்க. அதில் பேனல் இந்தியாவில் தயாரான செல் உள்ளதா (இல்லைன்னா மானியம் வராது), இன்வெர்ட்டர் வாரண்டி எத்தனை வருஷம், நெட் மீட்டர் செலவு யாருடையது என்ற மூணையும் எழுத்தில் வாங்கிக்கோங்க.