பழுதுபட்ட டயர்: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

காற்றடைத்த டயருக்கு ஜான் பாய்ட் டன்லப் என்பவர் 1888-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அன்று முதல் முள்ளும் ஆணியும் அதற்குச் சத்துருக்களாகவே இருந்து வருகின்றன. இராமநாதபுரம் முதலிய வறண்ட பிரதேசங்களில் சீமைக் கருவேல முள்ளின் உபத்திரவத்தை அறியாத உழவர் இலர். டயர் பழுதுபட்டதும் சிலர் செலவுக்கு அஞ்சி எத்தகைய துவாரத்தையும் அடைத்து ஓட்டுகின்றனர். வேறு சிலர் அவசியமின்றிப் புது டயர் வாங்கிக் கைப்பொருளை இழக்கின்றனர். இரண்டும் தவறேயாம். கீழ்க்கண்ட விஷயங்களைக் கவனித்துத் தீர்மானிப்பதே உசிதம்.

முதலாவது, துவாரம் உள்ள இடம். தரையில் படியும் நடுப்பாகம் தடித்தது. அங்கு உண்டான சிறு துவாரத்தை அடைக்கலாம். பக்கச் சுவரோ வண்டி ஓடுகையில் ஓயாமல் வளைந்து நிமிர்வது. அங்கே போட்ட ஒட்டு நிலைக்காது. ஆதலின் அவ்விடம் பழுதானால் டயரை மாற்றவே வேண்டும்.

இரண்டாவது, துவாரத்தின் அளவு. கார், சிறு சரக்கு வண்டி ஆகியவற்றின் டயரில் துவாரம் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலும், கிழிசல் கண்டாலும் ஒட்டுப் போடுதல் கூடாது. பழைய ஒட்டின்மேல் மற்றோர் ஒட்டுப் போடுவதும் ஆகாது.

மூன்றாவது, காற்றிறங்கிய பின் ஓடிய தூரம். சுமையுடன் சிறிது தூரம் ஓடினாலும் பக்கச் சுவர் நசுங்கிச் சூடேறி, உள்ளிழைகள் நைந்து போகும். வெளியே பார்ப்பவருக்கு இக்கேடு புலப்படாது. டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தல் அவசியம். அங்கே ரப்பர் கருந்தூளாக உதிர்ந்திருந்தால் அந்த டயர் உதவாது.

நான்காவது, தேய்மானமும் வயதும். கார் டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு மேடுகள் உண்டு. மேல் ரப்பர் அவற்றுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் ஒட்டுக்குச் செலவிடுவது வீண். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் உற்பத்திக் காலத்தைக் காட்டும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பழைய டயரில் ஆழ்ந்த வெடிப்புகள் இருந்தால் அதையும் நீக்கிவிடுதல் நலம்.

ஒட்டும் முறையும் முக்கியமே. டியூப் உள்ள டயரில் டியூபுக்கு ஒட்டுப் போடுமுன், டயரில் தைத்த முள்ளைத் தடவிப் பார்த்து எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அம்முள்ளே மீண்டும் துளைக்கும். டியூப் இல்லாத டயரில் வெளியிலிருந்து பசைத்திரி செருகுவது கடை வரை போய்ச் சேருவதற்கான உபாயமே. துவாரத்தை நிரப்பி உட்பரப்பையும் மூடும் காளான் வடிவ ஒட்டே நிலையானது.

பாரம் ஏற்றிய வண்டியின் முன்சக்கர டயர் வெடித்தால் வண்டி ஓட்டுபவனின் கைக்கு அடங்காது. அதில் சரக்கு மாத்திரமன்றிச் சந்தைக்குச் செல்லும் மக்களும் இருத்தல் கூடும். ஒட்டுக்குத் தகுந்த டயரை ஒட்டிக்கொள்வது சிக்கனம். தகாத டயரை ஒட்டி ஓடுவது சிக்கனமாகாது.