கைக்கு அடக்கமான காமிரா: வாங்குமுன் எண்ண வேண்டியவை

ஒளியைக் கொண்டு உருவம் வரையும் கலையைத் திருச்சபை ஒருபோதும் அயலாக எண்ணியதில்லை. பின்னாளில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயராக விளங்கிய கர்தினால் பெச்சி, பெருஜியா மறைமாவட்டத்தின் ஆயராயிருந்த காலத்தில், 1867ஆம் ஆண்டு, புகைப்படக் கலையைப் புகழ்ந்து இலத்தீனில் ஒரு சிறு கவிதை இயற்றினார். புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டு 30 ஆண்டுகள்கூட நிறைவுறாத காலம் அது. ஆயர் ஒருவர் அப்புதுமையைக் கண்டு அஞ்சாமல் வியந்தார் என்பது நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

அதன்பின் 1898ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் தூரின் நகரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அங்குக் காக்கப்படும் திருத்துணியைப் படம் எடுக்கும் பொறுப்பு செக்கோந்தோ பியா என்பவருக்கு அளிக்கப்பட்டது. அவர் படம் எடுத்துப் பிழைப்பவர் அல்லர், வழக்கறிஞர். ஆர்வத்தால் காமிராவைக் கையாண்டவர். மே 28ஆம் நாள் இரவு எடுத்த கண்ணாடித் தகட்டைக் கழுவி நோக்கியபோது, துணியில் மங்கலாய்த் தெரிந்த முகம், எதிர்ப்படத்தில் தெளிந்த முகமாய்த் தோன்றக் கண்டு அவர் திகைத்தார். திருத்துணியின் வயதைக் குறித்து அறிஞரிடையே வழக்கு உண்டு. 1988இல் நடந்த கார்பன் ஆய்வு அதனை இடைக்காலத்தது என்றது. அவ்வழக்கு இங்கு நமக்கு வேண்டுவதன்று. ஆர்வலர் ஒருவரின் உழைப்பால் உலகம் ஒரு முகத்தை உற்று நோக்கியது என்பதே நாம் கருதுவது.

அத்தகைய ஆர்வலர் நம் பங்குகளிலும் இருக்கின்றனர். பழனிசெட்டிபட்டியில் முல்லைப் பெரியாற்றுத் தடுப்பணை மீது விழும் காலை வெயிலையும், நாற்று நடும் பெண்களின் வரிசையையும், மேகமலைச் சரிவில் இறங்கும் மஞ்சையும் கண்டு, ‘இதனைப் படமாக்கிவிட வேண்டும்’ எனத் துடிக்கும் இளைஞர் பலரை நாம் அறிவோம். அவர்கள் கேட்பது பெரிய காமிரா அன்று. சட்டைப்பையிலோ சிறு பையிலோ அடங்கும் டிஜிட்டல் காமிரா. அதனைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பதை இல்லத்தார் அனைவரும் அறியும் வண்ணம் இங்கே எழுதுகின்றோம்.

வாங்கத்தான் வேண்டுமா?

“சாமி, ஃபோன்லயே படம் நல்லா விழுதே; அப்புறம் எதுக்கு இம்புட்டுக் காசு?” என்று தாய்மார் நம்மிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. உலகமும் இதே கேள்வியைக் கேட்டது. ஜப்பானியக் காமிராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010ஆம் ஆண்டில் விற்பனைக்கு அனுப்பப்பட்ட சிறு காமிராக்கள் 10 கோடிக்கும் மேல். 2023இல் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 17 இலட்சமாகச் சுருங்கிற்று. கைபேசி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. காசியோ நிறுவனம் 2018இல் சிறு காமிராத் தொழிலையே கைவிட்டது.

ஆகவே பகல் வெளிச்சத்தில் பேரப்பிள்ளையைப் படம் எடுக்கவும், பள்ளிச் சான்றிதழைப் படம் பிடிக்கவும் கைபேசியே போதும். அதற்கெனத் தனிக் காமிரா வாங்குவது வீண் செலவு. எனினும் மூன்று இடங்களில் நல்ல காமிரா கைபேசியை விஞ்சும். முதலாவது, மங்கிய ஒளியில் அசையும் உருவம். கிறிஸ்மஸ் நள்ளிரவுத் திருப்பலியும் இரவுத் தேர்ப்பவனியும் எடுத்துக்காட்டு. இரண்டாவது, தொலைவிலுள்ளதை லென்ஸின் வலிமையால் அருகில் கொணர்தல். மூன்றாவது, பெரிய அளவில் அச்சிடுதல். இவற்றோடு நான்காவது ஒன்றும் உண்டு, அது கற்றல். ஒளியின் அளவையும் நேரத்தையும் தானே தீர்மானித்துப் பழகுகிறவன் விரைவில் கலையைக் கற்கிறான். இந்நான்கில் ஒன்றேனும் உங்கள் வீட்டு ஆர்வலரின் தேவையாயின் மேலே படியுங்கள்.

எண்ணிக்கை மயக்கம்

கடைக்காரர் முதலிற் கூறுவது மெகாபிக்சல் கணக்கு. படம் எத்தனை பத்து இலட்சம் புள்ளிகளால் ஆனது என்பதே அதன் பொருள். 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிராவின் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. அதனை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. இன்று 2 கோடிப் புள்ளிகள், அதாவது 20 மெகாபிக்சல், சிறு காமிராவிற்கும் வழக்கமாகிவிட்டது. இது போதுமா? 8 அங்குலத்திற்கு 12 அங்குலம் அச்சிட ஏறத்தாழ 9 மெகாபிக்சல் போதும். 12க்கு 18 அங்குலப் பெரும்படத்திற்கும் 20 மெகாபிக்சல் நிறைவாய் அமையும். அதற்கு மேல் சுவரில் எதை மாட்டப் போகின்றோம்?

இங்கு ஓர் எச்சரிக்கை. 48 என்றும் 64 என்றும் மெகாபிக்சல் எண்ணைப் பறைசாற்றி, முன்பின் அறியாத பெயர்களில், மிக மலிவாய்ச் சில காமிராக்கள் இணைய வழியே விற்கப்படுகின்றன. இவற்றுட் பலவற்றில் உள்ளே இருப்பது சிறிய உணரி. எண்ணிக்கை கணக்கால் ஊதிப் பெருக்கப்பட்டது. ‘16 மடங்கு ஜூம்’ என்பதும் பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம். அஃதாவது, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குதல். லென்ஸ் அசைந்து செய்யும் ஆப்டிகல் ஜூம் மட்டுமே மெய்யான ஜூம் என அறிக.

விழித்திரையும் கண்மணியும்

மெகாபிக்சலைக் காட்டிலும் முக்கியமானது சென்சார் எனும் உணரியின் பரப்பு. இது காமிராவின் விழித்திரை. மழைநீரைப் பிடிக்கத் தாம்பாளத்தை வைப்பதற்கும் தம்ளரை வைப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும். சாதாரணச் சிறு காமிராவின் உணரி ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் உயரமும் உடையது. ‘1 அங்குல உணரி’ எனப்படுவது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்; பரப்பில் முன்னதைப்போல் நான்கு மடங்கு. (உண்மையில் அது ஓர் அங்குலம் அன்று, பழைய வீடியோக் குழாய்களின் அளவு முறையால் வந்த பெயர்.) ‘ஏ.பி.எஸ்.-சி’ எனும் உணரி அதனினும் மும்மடங்கு பெரியது. உணரி பெருகப் பெருக, இருளில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் குறையும்.

அடுத்தது லென்ஸின் திறப்பு. இது காமிராவின் கண்மணி. எஃப் 1.8, எஃப் 2.8 என இதனைக் குறிப்பர். எண் சிறிதாயின் திறப்பு பெரிது என்பதை மறவாதீர். எஃப் 1.8 திறப்பு, எஃப் 2.8ஐக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜூம் செய்தால் பல லென்ஸ்களின் திறப்பு சுருங்கிவிடும். 2012இல் வந்த முதல் சோனி ஆர்.எக்ஸ். 100 காமிராவை எடுத்துக்கொள்வோம். 1 அங்குல உணரியைச் சட்டைப்பை அளவிற்குள் கொணர்ந்து பெயர் பெற்றது அது. அகலக் காட்சியில் அதன் திறப்பு எஃப் 1.8, முழு ஜூமில் எஃப் 4.9. கிடைக்கும் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. 2019இல் வந்த கேனன் ஜி7எக்ஸ் மூன்றாம் பதிப்போ முழு ஜூமிலும் எஃப் 2.8 திறப்பைக் காத்துக்கொள்கிறது. கோவிலின் பின்வரிசையில் நின்றபடி பீடத்தருகே நிற்கும் புதுநன்மைப் பிள்ளையின் முகத்தைப் படம் எடுப்பவருக்கு இவ்வேறுபாடு பெரிது. ஆதலால் கடையில், “ஜூம் எத்தனை?” என்று மட்டும் கேளாமல், “முழு ஜூமில் திறப்பு எவ்வளவு?” என்றும் கேளுங்கள்.

யாருக்கு எது?

சிறு காமிராக்களைப் பொதுவாக மூன்று வகைப்படுத்தலாம்.

முதல் வகை, சிறிய உணரியும் 40 மடங்கு வரை நீண்ட ஜூமும் உடையவை. பகலில் ஊர்சுற்றுவோர்க்கும், வயலில் இறங்கும் கொக்கைப் படம் எடுக்க விழைவோர்க்கும் இவை உதவும். கோவிலுக்குள்ளும் மாலைக்குப் பின்னும் சோர்ந்துபோகும்.

இரண்டாம் வகை, 1 அங்குல உணரியும் 3 முதல் 15 மடங்கு ஜூமும் கொண்டவை. மேலே கூறிய சோனி, கேனன் காமிராக்கள் இவ்வகையின. குடும்ப நிகழ்ச்சி, திருவிழா, இயற்கைக் காட்சி அனைத்திற்கும் நடுவழியாய் அமைபவை. பெரும்பாலான ஆர்வலர்க்கு நாம் பரிந்துரைப்பது இவ்வகையே.

மூன்றாம் வகை, பெரிய உணரியும், ஜூமே இல்லாத ஒற்றை லென்ஸும் உடையவை. ரிக்கோ ஜி.ஆர். வரிசையும், பையில் அடங்காவிடினும் சிறியதான ஃபியூஜி எக்ஸ். 100 வரிசையும் இத்தகையன. படத்தின் தரம் மிக உயர்ந்தது; விலையும் அங்ஙனமே. தொலைவிலுள்ளதை எடுக்க நாமே நடந்து அருகிற் செல்ல வேண்டும். கலையை ஆழ்ந்து கற்போர்க்கு அதுவே நல்ல ஆசான்.

மேகமலையின் இருவாச்சிப் பறவையை எடுக்க வேண்டுமென்போர்க்கு ஒரு சொல்: பையில் அடங்கும் காமிரா எதுவும் அதற்கு நிறைவு தராது. அந்த ஆசையை ஒத்திவைப்பதே பணத்திற்கு நல்லது.

கையில் எடுத்துப் பாருங்கள்

பெயரைக் கேட்டு வாங்காதீர். கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். நம் பள்ளத்தாக்கின் நண்பகல் வெயிலில் பின்புறத் திரை கண்ணுக்குத் தெரிகிறதா எனக் கடைக்கு வெளியே வந்து நோக்குக. கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம் இருப்பின் நன்று. பொத்தானை அழுத்தியவுடன் படம் விழுகிறதா, தாமதமாகிறதா எனக் காண்க. கண நேரத் தாமதத்தில் குழந்தையின் சிரிப்பு மறைந்துவிடும். ‘ரா’ எனும் முதற்பதிவு வடிவில் சேமிக்கும் வசதி உண்டா எனக் கேளுங்கள். பின்னர் கணினியில் திருத்தம் செய்ய அது இன்றியமையாதது. இச்சிறு காமிராக்கள் பலவும் ஒரு முறை மின்னேற்றினால் 200 முதல் 260 படங்களே எடுக்கும். ஆகவே உபரி பேட்டரி ஒன்றும், மெமரி கார்டு இரண்டும், உறையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுக.

பழையது இழிவன்று

உற்பத்தி குறைந்தமையால் புதிய காமிராக்களின் விலை ஏறிவிட்டது. அண்மையில் இளையோரிடையே சிறு காமிரா மீண்டும் நாகரிகமாகியிருப்பதும் ஒரு காரணம். எனவே நல்ல வகையில் ஒருவர் பயன்படுத்திய காமிராவை வாங்குவது அறிவுடைமை. அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் சோதித்து வாங்க வேண்டும். லென்ஸ் தடையின்றி நீண்டு மடிகிறதா? டார்ச் ஒளியை லென்ஸினுள் பாய்ச்சிப் பார்த்தால் நூல்போன்ற பூஞ்சை தெரிகிறதா? வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் கரும்புள்ளிகள் விழுகின்றனவா? பேட்டரி இன்றும் கடையிற் கிடைக்கிறதா? பில் உண்டா? உங்கள் கார்டையே போட்டு 10 படம் எடுத்து, வீட்டில் கணினியிற் கண்டபின் பணம் கொடுங்கள். முகம் காணாதவருக்கு முன்பணம் அனுப்பாதீர்.

விலையும் வீட்டாரும்

நூற்பாலையிலும் தோட்டத்திலும் உழைத்து உண்ணும் குடும்பத்திற்கு நல்ல காமிரா என்பது பல மாத ஊதியம். ஆகவே இது மகன் ஒருவனின் முடிவாக இராமல், குடும்பமாய் அமர்ந்து பேசும் முடிவாக இருக்கட்டும். தங்கையின் கல்லூரிக் கட்டணம் நிலுவையில் இருக்கையில் தவணைக் கடனில் காமிரா வாங்குவது முறையன்று. அதேவேளை பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். ஓராண்டு முழுவதும் கைபேசியிலேயே பொறுமையாய்ப் படம் எடுத்து, அவற்றுள் நல்ல 20 படங்களைக் காட்டும் பிள்ளையின் ஆர்வம் மெய்யானது. அதனை ‘வெட்டி வேலை’ என்று தள்ளாதீர். சிறுகச் சிறுகச் சேர்க்க வழி காட்டுங்கள்.

வாங்கிய பின்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். கணவாய் வழியே வீசும் அக்காற்றில் புழுதிக்குக் குறைவில்லை. நீண்டு மடியும் லென்ஸ் தூசியை உள்ளிழுக்கும். ஆதலால் வெளியில் உறையிலேயே வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் காத்திடுங்கள். படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஆண்டிற்கு 20 படங்களையேனும் அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள்; கைபேசி உடைந்ததால் திருமணப் படங்களையே இழந்தோர் உண்டு.

திருப்பலியில் பிளாஷ் வேண்டாம். எழுந்தேற்றத்தின்போது காமிரா கீழே இருக்கட்டும். பெண்களையும் சிறாரையும் இசைவின்றிப் படம் எடுப்பதும், பிறர் துயரத்தைப் படமாக்கி ஊரெங்கும் பரப்புவதும் பாவம் எனக் கொள்க. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய விதித்தொகுப்பு, இக்கருவிகள் நன்மைக்கும் உதவும், தீமைக்கும் உதவும் என்பதை அன்றே உணர்த்திற்று.

இறுதியாக ஆர்வலரிடம் ஒரு விண்ணப்பம். அடக்கத் திருப்பலிக்கு முன், இறந்தவரின் படம் ஒன்றுகூட இல்லாமல் தவிக்கும் வீடுகளை நாம் பல முறை கண்டிருக்கின்றோம். வாழ்நாளெல்லாம் களை பறித்த பாட்டியாரின் முகம், யாரோ ஒருவர் திருமணக் கூட்டப் படத்தின் ஓரத்தில் மங்கலாய்க் கிடக்கும். அதனை வெட்டிப் பெரிதாக்கி, மாலையிட்டு வைப்பர். முகம் அடையாளம் தெரியாது. காமிரா வாங்கியவுடன் மலையைத் தேடி ஓடுமுன், உங்கள் தெருவிலுள்ள முதியோர் ஒவ்வொருவரையும் காலை வெளிச்சத்தில், அவர்தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, ஒரு நல்ல படம் எடுத்து, அச்சிட்டு அவர் கையிற் கொடுங்கள். செலவு சிறிது.

சிலுவைப் பாதையின் 6ஆம் நிலையில் நாம் நினைவுகூரும் வெரோணிக்கா அம்மாளைப் புகைப்படக் கலைஞரின் பாதுகாவலி எனப் போற்றுவது வழக்கம். மரபு கூறும் அவ்வரலாற்றில் அவர் உருவம் பெற வேண்டித் துணியை நீட்டவில்லை. வியர்வையும் இரத்தமும் வழிந்த முகத்தைத் துடைக்கவே நீட்டினார். முகம் துணியில் பதிந்தது பின்னரே.