பராட்டா தின்ற பசு ஏன் செத்தது?

கால்நடைக்கு நாம் போடும் தீனி முதலில் போய்ச் சேர்வது அதன் வயிற்றில் குடியிருக்கும் பற்றீரியாக்களிடம்தான்

2024 ஜூன் மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பால் பண்ணையில் ஐந்து பசுக்கள் அடுத்தடுத்துச் செத்தன. வேறு சில எழும்ப மாட்டாமல் படுத்துவிட்டன. யாரும் நஞ்சு வைக்கவில்லை. தீனியோடு பராட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மிஞ்சிப் போனதே காரணம் என்று செய்திகள் வந்தன.

கொழும்புப் புதுக்கடைக்காரருக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளில் மிஞ்சும் சோறும் முதல்நாள் பாணும் கொத்துக்குப் போகாத பராட்டாவும் ஒழுங்கையில் திரியும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ போகிறவைதான். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் உழ்ஹிய்யா என்னும் பலிக்காக வாங்கிய மாடு வந்து நிற்கும். புல்லில் வளர்ந்த அதற்குப் பிள்ளைகள் ஆசையாய்ப் பாண் நீட்டுவார்கள். தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப் பொங்கல். கோயில் பசுவுக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டுவார்கள். எல்லாம் நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் மாட்டின் வயிறு வேலை செய்யும் விதம் தெரியாமல் ஊட்டினால் அதுவே அதற்கு எமனாகிவிடும்.

புல்லைத் தின்பது யார்?

மாட்டின் வயிற்றுக்கு நான்கு அறைகள். முதல் அறைதான் மிகப் பெரியது. பெரிய கறவை மாட்டில் 100 லீற்றருக்கு மேல் கொள்ளும். ஒட்சிசன் அநேகமாக இல்லாத இடம் அது. வெப்பநிலை ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ். அங்குள்ள திரவத்தில் ஒரு மில்லிலீற்றர் எடுத்தால் அதில் ஆயிரம் கோடிக்குக் குறையாத பற்றீரியாக்கள் இருக்கும். புரொட்டோசோவாக்களும் பங்கசுகளும் அவற்றோடு வாழ்கின்றன. ஒட்சிசன் பட்டால் செத்துவிடும் இந்த உயிர்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டிய அமெரிக்கர் ரொபர்ட் ஹங்கேற் 1966இல் எழுதிய நூல் இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று.

வைக்கோலிலும் புல்லிலும் உள்ள நாரைச் செரிக்கும் நொதியம் மாட்டின் உடம்பில் சுரப்பதில்லை. அந்த வேலையைப் பற்றீரியாக்கள் செய்கின்றன. தோசை மா புளிப்பதுபோல் உள்ளே நார் நொதிக்கிறது. அப்போது உண்டாகும் அசற்றிக், புரொப்பியோனிக், பியூற்றிரிக் அமிலங்களை வயிற்றின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இப்படித்தான் கிடைக்கிறது. கீழ் அறைகளுக்கு வடிந்துபோகும் பற்றீரியாக்களும் அங்கே செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆக, தீனி பற்றீரியாவுக்கு. பற்றீரியாவும் அது ஆக்கித் தருவதும் மாட்டுக்கு.

சோறு போனால் என்ன நடக்கும்?

நாரை உடைக்கும் பற்றீரியாக்கள் நிதானமாக வேலை செய்பவை. மாவுச்சத்தைத் தின்னும் இனங்கள் அப்படியல்ல. ஸ்ரெப்ரோகொக்கஸ் போவிஸ் என்ற இனம், தீனி தாராளமாகக் கிடைத்தால், அரை மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும். அவித்த சோறும் பராட்டாவும் அதற்கு விருந்து. தின்று தின்று அது இலற்றிக் அமிலத்தைக் கொட்டுகிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு வழக்கமாக 6க்கும் 7க்கும் இடையில் நிற்கும். அது 5.5க்குக் கீழே இறங்கியதும் நார் செரிக்கும் பற்றீரியாக்கள் முடங்கிப்போகும். 5க்கும் கீழே போனால் அமிலத்திலேயே செழிக்கும் இலக்ரோபசில்லஸ் வகைகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இலற்றிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் மெகஸ்பேரா எல்ஸ்டெனி என்ற இனமும் வயிற்றில் உண்டு. ஆனால் திடீரென்று வந்த வெள்ளத்துக்கு ஈடுகொடுக்க அதற்கு நேரம் போதாது.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. வைக்கோலை மென்று இரைமீட்கும் மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றருக்கு மேல்கூட எச்சில் ஊறும். அதிலுள்ள சோடாவகை உப்புத்தான் வயிற்று அமிலத்தைத் தணிக்கிறது. குழைந்த சோற்றை மெல்ல வேண்டியதில்லை, இரைமீட்க வேண்டியதுமில்லை. அமிலம் கூடும் நேரம் பார்த்து எச்சில் குறைந்துவிடுகிறது.

அதன் பிறகு நடப்பது கண்ணுக்குத் தெரியும். மாடு இரைமீட்பதை நிறுத்தும். பல்லை நறநறவென்று கடிக்கும். இடப்பக்க விலா உப்பும். சாணம் தண்ணீராய், புளித்த வாடையோடு கழியும். இரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுபட்டுக் கண்கள் குழிவிழும். தள்ளாடிப் படுத்துவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போகலாம். ஆரம்பத்திலேயே வந்தால் கால்நடை வைத்தியர் சோடியம் பைகாபனேற் கொடுத்துக் காப்பாற்றப் பார்ப்பார். முற்றிவிட்டால் விலாவைக் கிழித்து வயிற்றைக் காலிசெய்வதும், சுகமான மாட்டின் வயிற்றுத் திரவத்தை உள்ளே ஊற்றுவதும் உண்டு. பற்றீரியா இரவல் வாங்குவதென்றே அதைச் சொல்லலாம்.

நஞ்சைத் தீனியாக்கிய ஆடுகள்

அப்படி இரவல் வாங்கி ஒரு நாட்டு மாடுகளைக் காத்த கதையும் உண்டு. நம் நாட்டில் இபில் இபில் என்றும் தமிழகத்தில் சூபாபுல், சவுண்டல் என்றும் சொல்லும் மரத்தின் இலையில் புரதம் நிறைய. கூடவே மிமோசின் என்ற நஞ்சும் உண்டு. அவுஸ்திரேலியாவில் இதை மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, தைரொயிட் வீங்கியது, எடை குறைந்தது. ஹவாய்த் தீவு ஆடுகளோ அதையே வயிறு புடைக்கத் தின்றும் சுகமாக இருந்தன. வித்தியாசம் ஆட்டில் இல்லை, அதன் வயிற்றுப் பற்றீரியாவில்தான் என்று கணித்தவர் அவுஸ்திரேலிய விஞ்ஞானி ரேமன்ட் ஜோன்ஸ். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆடுகளின் வயிற்றுப் பற்றீரியாக்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போயின. ஏற்ற மாடுகளுக்கு நஞ்சு பலிக்கவில்லை. 1992இல் நஞ்சை முறிக்கும் அந்த நுண்ணுயிருக்கு அவரைக் கௌரவித்து சினர்ஜிஸ்ரெஸ் ஜோன்ஸீ என்று பெயர் வைத்தார்கள்.

வயிற்றுப் பற்றீரியாவுக்கு ஏற்றபடி தீனியைப் பக்குவப்படுத்தும் முயற்சியில் இலங்கைக்கும் பங்கு உண்டு. அறுவடை முடிந்ததும் வயலில் எரித்துவிடும் வைக்கோலில் சக்தி இருக்கிறது. ஆனால் பற்றீரியா பெருகத் தேவையான நைதரசன் போதாது. 1980களில் நெதர்லாந்தின் உதவியோடு நடந்த ஆய்வுகள் இதற்கொரு வழியை இங்கே பரப்பின. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி ஒரு வாரத்துக்கு மேல் வைப்பார்கள். வெளிவரும் அமோனியா நாரை இளக்கும், நைதரசனையும் சேர்க்கும். யூரியாவை அளவுக்கு மிஞ்சி நேரே தின்னக் கொடுத்தாலோ அதே அமோனியா மாட்டைக் கொன்றுவிடலாம். யூரியா வாங்க வசதியில்லாதவர் வைக்கோலோடு கிளிரிசிடியாக் குழை போட்டாலும் பற்றீரியாவுக்கு வேண்டியது கிடைக்கும்.

ஆகவே எந்தத் தீனி நல்லது என்று கேட்டால் மட்டும் போதாது. அந்த மாடு நேற்றுவரை என்ன தின்றது என்றும் கேட்க வேண்டும். கறவைக்குத் தவிடும் புண்ணாக்கும் கூட்டுகிறவர் சிறுகச் சிறுக, இரண்டு வாரமாவது எடுத்துக் கூட்ட வேண்டும். அந்த அவகாசத்தில் பற்றீரியாக் கூட்டமும் தன்னை மாற்றிக்கொள்ளும். பெருநாளுக்கு மாடு வாங்குகிறவர் அது தின்று பழகிய புல்லையும் வைக்கோலையும் விசாரித்து, அதையே வாங்கிப் போடட்டும். பட்டிப் பொங்கலன்று கோயில் பசுவுக்கு ஒரு கைப்பிடி பொங்கலோடு நிறுத்த ஒருவர் பொறுப்பாக நிற்கட்டும். வருகிறவர்கள் கையில் பழத்துக்குப் பதில் ஒரு கட்டுப் புல் இருந்தால் பசுவுக்கும் சுகம், கொடுத்தவருக்கும் புண்ணியம் குறையாது.