மூடுதலும் மறைத்தலும்

வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் எமது வீடு இருக்கின்றது. கரையோரப் புகைவண்டி ஓடுந்தோறும் கூடம் சிறிது அதிரும். சென்ற மாதம் அவ்வாறு அதிர்ந்தபொழுது, விதானத்தின் ஒரு மூலையிலிருந்து சாம்பல் நிறத் துகள் மாணவர் கொப்பிகளின்மேல் உதிர்ந்தது. யான் அதனை ஊதித் தள்ளினேன். செய்தது பெரும் பிழையென்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

யாழ்ப்பாணத்திலே மங்கல நாட்களில் வெள்ளைத் துணியால் மேற்கட்டி கட்டுவர். காரியம் முடிந்ததும் அவிழ்த்துவிடுவர். கொழும்பில் எந்தையார் அமைத்ததோ நிலையான விதானம். யான் சிறுவனாயிருந்த காலத்தில், ஓட்டுக் கூரையின் கீழ் மரச்சட்டங்களில் அஸ்பெஸ்டஸ் தகடுகளை அறைவித்தார். வெப்பம் தணிந்தது, ஓட்டுத் தூசி நின்றது, கறையானும் அணுகவில்லை. அந்நாளில் அதனிற் சிறந்த பொருள் வேறில்லையென்றே எல்லாரும் எண்ணினர்.

அஸ்பெஸ்டசைத் தமிழிற் கல்நார் என்கின்றோம். நாராய்ப் பிரியுங் கல் என்பது கருத்து. அஸ்பெஸ்டஸ் என்னுங் கிரேக்கச் சொல்லுக்கு ‘அணைக்கவியலாதது’ என்பது பொருள். பெயருக்கேற்ப அழியாத் தன்மையே அதன் சிறப்பு. அதுவே அதன் கேடும். மூச்சோடு உட்புகுந்த நுண்ணிழைகள் நுரையீரலிலே தங்கி, இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளின் பின்னரும் புற்றுநோயாய் வெளிப்படக்கூடும். வெண்கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் விளைப்பனவென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

வேலைக்கு வந்த பாஸ், “சேர், ஒரே நாளில் எல்லாவற்றையும் உடைத்துக் கொட்டிவிடலாம்” என்றார். அவருடன் வந்த மலைநாட்டு இளைஞனுக்கு இருபது வயதிருக்கும். வாயிலே ஒரு கைக்குட்டை கட்டியிருந்தான். தாயார் தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவரென்றான்.

அச்சொல் பழைய செய்தியொன்றை நினைவூட்டியது. கல்நார் இறக்குமதியை 2018 தொடக்கம் தடுக்க இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று கூறி, கல்நாரை நமக்கு விற்கும் உருசியா நமது தேயிலையை நிறுத்தியது. சில நாட்களுள் கல்நார்க் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. தாயின் தொழிலைக் காத்த அம்முடிவு மகனின் மூச்சுக்கு என்ன செய்யும்?

“உடைக்க வேண்டாம்” என்றேன். உறுதியாயிருக்கும் தகடு தன்பாட்டிற் பெருந் தீங்கு செய்வதில்லை. உடைத்தல், அறுத்தல், துளையிடுதல் ஆகியவற்றாலேயே இழைகள் காற்றிற் பரவும். கண்ணாற் பார்த்து ஒரு தகடு கல்நாரா அன்றா எனத் துணிதல் இயலாது. பரிசோதியாத பழந்தகட்டைக் கல்நாரென்றே கொள்ளுதல் அறிவுடைமை.

எனவே, இருவருக்கும் நுண்டூசி தடுக்கும் முகமூடிகள் வாங்கினோம். கைக்குட்டை இதற்குப் போதாது. வெடித்த மூலையை நீரால் நனைத்து, வண்ணம் பூசி இறுக்கினோம். துடைப்பத்தை நீக்கி, ஈரத் துணியால் துடைத்தோம். அத்துணியைப் பொலித்தீன் பையிலிட்டுக் கட்டினோம். புதிய சட்டகத்தைச் சுவரோடு பொருத்தி, பழைய தகட்டில் ஓர் ஆணியும் பதியாதவாறு, அதன்கீழ் மரப்பலகை அமைத்தார் பாஸ். கூடம் ஒரு சாண் தாழ்ந்தது, அழகு குறையவில்லை.

ஆயினும் மூடுதல் வேறு, மறைத்தல் வேறு. மூடியதைச் சொல்லாதுவிடின் அது மறைத்தலேயாகும். நாளை என் பேரனோ, வீட்டை விலைக்கு வாங்குபவரோ, பலகையைப் பெயர்த்துச் சுத்தியலை ஓங்கக்கூடும். ஆதலின், பலகைக்கு மேலே கல்நார் உண்டு, உடைக்கற்க என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, வீட்டு உறுதியோடு சேர்த்து வைத்திருக்கின்றேன்.

எந்தையார் அறியாமற் செய்தார், அவர்மேற் குற்றமில்லை. அறிந்த யான் எழுதாது விட்டிருந்தால், குற்றம் என்னுடையதே.