கிட்டார் பெடல்களுக்கான மாற்று மின்வழங்கிகள்

கிட்டார் பெடல் என்பது மின்கிட்டாரின் ஒலியை மாற்றித் தரும், காலால் இயக்கப்படும் சிறிய மின்னணுக் கருவியாகும். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குகின்றன. செவ்வக வடிவ 9 வோல்ட் பேட்டரிக்குப் பதிலாக வேறு மின்வழங்கியை இணைக்குமுன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்.

மின்னழுத்தம்
பெடலில் குறிப்பிட்டுள்ள வோல்ட் அளவே தேவை. 9 வோல்ட் பெடலுக்கு 18 வோல்ட் கொடுத்தால் உள்ளிருக்கும் மின்தேக்கிகளும் சில்லுகளும் பழுதாகலாம். பவர் பேங்கின் யூ.எஸ்.பி. வெளியீடு பொதுவாக 5 வோல்ட் என்பதால், அதை 9 வோல்ட்டாக உயர்த்தும் மாற்றி தேவை.

மின்னோட்டம்
மின்வழங்கியின் மில்லி ஆம்பியர் அளவு, பெடலின் தேவையைவிடக் கூடுதலாக இருந்தால் தீங்கில்லை. பெடல் தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால் பெடல் சரியாக இயங்காது. பல பெடல்களை ஒரே அடாப்டரில் இணைத்தால் அவற்றின் தேவைகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

முனைகள்
பலரும் தவறுவது இங்கேதான். பெரும்பாலான பெடல்களுக்குச் செருகியின் நடுவில் எதிர்முனையும் வெளிப்புறத்தில் நேர்முனையும் இருக்க வேண்டும். மோடம் போன்ற வீட்டுக் கருவிகளின் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் நேர்முனை இருக்கும். இரண்டின் செருகியும் ஒரே அளவாக இருக்கக்கூடும் என்பதால், எளிதில் பொருந்துவதை வைத்து முடிவுசெய்யாமல், அடாப்டரில் அச்சிட்டுள்ள முனைக் குறியீட்டைப் பார்க்க வேண்டும்.

விதிவிலக்கு
1966இல் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சுற்றில் நேர்முனையே பொதுமுனையாகும். இத்தகைய பெடலை மற்றவற்றோடு ஒரே அடாப்டரில் இணைத்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். இதற்குத் தனி பேட்டரியோ, ஒன்றோடொன்று தொடர்பற்ற வெளியீடுகள் கொண்ட மின்வழங்கியோ ஏற்றது. அத்தகைய மின்வழங்கி, பெடல்களுக்கிடையே எழும் இரைச்சலையும் குறைக்கும்.