கல்யாண டி.வி.டி. ஓடுமா?

வெளியே பார்த்தால் பளபளப்பு! உள்ளே சாயம் மங்குகிறது!
வீட்டிலேயே செய்யக்கூடிய சுலபமான பரீட்சை

பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறது. கண்ணாடி போல் மின்னுகிறது. அந்தத் தட்டுக்குள் ஒரு கல்யாணமே இருக்கிறது! மேளம் கொட்டுகிறது. தாலி கட்டுகிறார்கள். இன்று உயிரோடு இல்லாத தாத்தாவும் பாட்டியும் பந்தலில் நடந்து வருகிறார்கள், சிரிக்கிறார்கள்.

அந்தத் தட்டு இன்னும் ஓடுமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் பக்கங்களில் எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட டி.வி.டி. தட்டுகள் இருக்கின்றன. "பத்திரமாகத்தானே வைத்திருக்கிறோம்" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பூட்டி வைத்தால் மட்டும் போதாது. தட்டுக்கும் வயது ஆகும்!

இரண்டு ஜாதித் தட்டுகள்

டி.வி.டி. தட்டில் இரண்டு வகை உண்டு.

கடையில் விற்ற சினிமாத் தட்டு ஒரு வகை. தொழிற்சாலையில் அச்சில் வைத்து அழுத்திச் செய்தது. 2007-ம் ஆண்டில் மோசர் பேயர் கம்பெனி தமிழ்ப் படங்களை மலிவு விலையில் விற்றதே, அவை இந்த வகை.

ஸ்டூடியோக்காரர் கொடுத்த கல்யாணத் தட்டு வேறு வகை. அது வெற்றுத் தட்டாக வாங்கி, பிறகு பதிவு செய்தது. இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் வட்டங்களை ஒட்டி அதைச் செய்கிறார்கள். நடுவில் ஒரு சாயப் பூச்சு இருக்கும். சிவப்பு லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுச் சுட்டுப் படத்தை எழுதுகிறது. தட்டின் மொத்தக் கனம் 1.2 மில்லி மீட்டர்தான்!

சாயம் என்றால் மங்கத்தானே செய்யும்? வெயில், உஷ்ணம், ஈரம் ஆகிய மூன்றும் அதற்கு எதிரிகள். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையம் 2003-ம் ஆண்டில் ஒரு கையேடு வெளியிட்டது. நீண்ட காலம் வைக்க வேண்டிய தட்டுகளை 4 முதல் 20 டிகிரி வரையுள்ள குளிரில், ஈரம் குறைவான இடத்தில் வைக்கும்படி அது சொல்கிறது. சென்னையில் அப்படிப்பட்ட குளிருக்கு எங்கே போவது?

ஏமாற்றும் தட்டு

"போன வருஷம் போட்டுப் பார்த்தோம், நன்றாக ஓடியது" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

கடிதத்தில் நாலு எழுத்தைக் கறையான் அரித்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? முன்னும் பின்னும் பார்த்து, ஊகித்துப் படித்துவிடுகிறோம். டி.வி.டி. கருவியும் அதையே செய்கிறது. தட்டில் படத்தோடு துணைக் கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் 172 எழுத்துக்கு 10 எழுத்து துணை. அந்தக் கணக்கைப் போட்டு, அழிந்ததைக் கருவி தானே நிரப்பிக்கொள்கிறது. படத்தில் குறையே தெரியாது.

ஆனால் பழுது ஓர் அளவைத் தாண்டினால் கணக்கு தோற்றுவிடும். நன்றாக ஓடிய படம் கட்டம் கட்டமாக உடையும், அப்படியே நின்றுவிடும். அதற்குப் பிறகு வருந்திப் பயன் இல்லை.

பரீட்சை செய்வது எப்படி?

ஒன்று: தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல், பூஞ்சை, ஓரத்தில் கறை, நிறமாற்றம் இருக்கிறதா?

இரண்டு: முதல் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தட்டில் படம் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி எழுதப்படுகிறது. கை படுவதும், ஈரம் ஏறுவதும் ஓரத்தில்தான் அதிகம். ஆகவே தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் பாருங்கள்.

மூன்று: இன்னொரு கருவியிலும் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் ஓடுவது அடுத்த வீட்டில் ஓடாமல் போகலாம். அழித்து எழுதும் வகைத் தட்டு ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். சில பழைய கருவிகளுக்கு அது போதாது. பதிவு முடிந்ததும் தட்டை "மூடி" முடிக்காமல் விட்டிருந்தாலும் மற்றக் கருவிகள் படிக்காமல் போகலாம்.

நான்கு: கம்ப்யூட்டரில் முழுப் படத்தையும் நகல் எடுங்கள். நகல் ஒரே வேகத்தில் ஓடினால் நல்லது. திணறினால், நின்று நின்று போனால், தட்டு நோயில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழுதை எண்ணிக் காட்டும் மென்பொருளும் உண்டு. சில வகை டிரைவ்களில்தான் அது வேலை செய்யும். அடுத்தடுத்த 1,664 வரிசைகளில் பழுதானவை 280-க்கு மேல் போகக்கூடாது என்பது உலக விதி. ஒரு டிரைவ் சொல்லும் எண்ணை இன்னொன்று சொல்லாது. அதனால் ஒரே டிரைவில் வருஷா வருஷம் சோதித்து, எண் ஏறுகிறதா என்று பார்ப்பதே சரி.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015 டிசம்பர் மாத வெள்ளத்தை இந்தப் பகுதி மக்கள் மறக்க முடியுமா? டிசம்பர் 2-ந்தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை! அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் தண்ணீர் புகுந்தது. ஆல்பங்கள் கூழாயின.

தட்டு நனைந்தால் உடனே எறிந்துவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் சேறு போக அலசுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நிழலில் காய வையுங்கள், வெயில் வேண்டாம். பெட்ரோல், தின்னர் கிட்டவே வரக்கூடாது. காய்ந்ததும் முதல் வேலை நகல் எடுப்பதுதான்.

இன்றே செய்யுங்கள்

தட்டுக்கு மட்டுமா வயதாகிறது? அதை ஓட்டும் கருவியும் மறைந்து வருகிறது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டு போடும் இடமே இல்லை. இந்தியாவில் வெற்றுத் தட்டுகளை ஏராளமாகச் செய்து குவித்த மோசர் பேயர் கம்பெனியையே 2018-ம் ஆண்டில் கலைக்க உத்தரவாகிவிட்டது.

படிக்க முடிகிற தட்டை இன்று நகல் எடுப்பது சுலபம். படிக்க முடியாத தட்டை நாளை மீட்பது கஷ்டம், செலவும் அதிகம்.

இரண்டு நகல் எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று வெளியூரில் உள்ள மகள் வீட்டிலோ, தம்பி வீட்டிலோ இருக்கட்டும். வெள்ளம் ஒரு வீட்டில் புகுந்தாலும் மற்ற வீட்டில் தாத்தாவும் பாட்டியும் பத்திரமாக இருப்பார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். பீரோவைத் திறந்து, அந்தத் தட்டை எடுங்கள்!