பத்திரிகைக்கு எழுதுமுன்

காசியைப் பற்றி நான் எழுதிய நீண்ட கட்டுரை மூன்று பத்திரிகைகளிலிருந்தும் திரும்பி வந்தது. குறை நடையில் இல்லை என்பது பின்னரே விளங்கிற்று. காசி என்பது ஓர் ஊர், கட்டுரைக்குரிய செய்தியன்று. தந்தையை இழந்த பாரதி, 1898-இல் நமக்கு அண்மையிலுள்ள ஹனுமான் கட்டத்துக்கு, அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வந்தார். அங்கே இன்று வாழும் தமிழர் அவரை எவ்வாறு நினைக்கின்றனர்? இது செய்தி!

ஆகவே, முதலில் ஆசிரியருக்குப் பத்தே வரி எழுதுங்கள்: சொல்லப்போவது என்ன, அதை இப்போது சொல்வானேன், யாரைக் கண்டு பேசுவீர்கள், எத்தனை சொற்கள், என்றைக்குத் தருவீர்கள். அதே பொருள் அவ்விதழில் முன்பே வந்துள்ளதா என்றும் பாருங்கள்.

நான்காம் முறை நான் அப்படித்தான் எழுதினேன். ‘எழுதி அனுப்புக’ என்று பதில் வந்தது.